சிவப்பு விளக்கு எரிந்த ஒன்பது நாள்

புரட்டாசிக் கடைசியில் குறுவை அறுத்து முடிந்ததும் எங்கள் பக்கம் வைக்கோல் லாரிகள் ஓடத் தொடங்கும். மிஷினில் கட்டிய கட்டுகளை இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். வாய்க்கால் பாலத்தில் அந்த லாரி திரும்பும்போது மேலே தொங்கும் ஏதாவது ஒரு கம்பி மாட்டும். மின்கம்பி உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே தொய்ந்து கிடப்பவை கேபிள் டிவி வயரும் இணையத்துக்கான ஃபைபரும். போன அறுவடையில் மாட்டியது ஃபைபர். வலங்கைமான் தாலுகாவில் எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீட்டு மோடங்களிலும் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்பது நாள் எரிந்தது.

அந்த ஒன்பது நாளில் எனக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண், "உங்க ஏரியாவுல எந்தப் பிரச்சினையும் பதிவாகல சார், மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றார். எங்கள் ஊர் லைன்மேன் தம்பி மறுநாளே வந்து, பாலத்தில் அறுந்ததை ஒட்டிவிட்டார். "அண்ணே, நம்ம ஜாயிண்ட் முடிஞ்சிடுச்சு. ஆனா மேலேர்ந்தே லைட் வரல. கும்மோணத்துல சொல்லியிருக்கேன்" என்றார். கும்பகோணத்தில் போய்க் கேட்டபோது, "அந்த மெயின் கேபிள் எங்களோடது இல்லீங்க. வாடகைக்கு எடுத்தது. அந்தக் கம்பெனி ஆளுதான் வந்து பார்க்கணும்" என்றார்கள். லாரி எங்கள் பாலத்தில் நிற்காமல் போய், இன்னொரு திருப்பத்தில் இன்னொரு கேபிளையும் இழுத்திருக்கிறது என்பது ஆறாம் நாள்தான் தெரிந்தது.

மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கைக்கு எட்டிய தூரம் வரை இருந்த உண்மையைச் சொன்னார்கள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் அக்கா மகள், அந்த ஒன்பது நாளும் காலை பஸ் பிடித்துக் கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பினாள். அவளுடைய கோபமெல்லாம் லைன்மேன் தம்பி மேல்தான். கண்ணுக்குத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தானே. அந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் எது என்று தேடியதில் விளைந்ததுதான் இந்தக் கட்டுரை.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஆறு வாய்க்காலாகிறது, வாய்க்கால் கன்னி வாய்க்காலாகிறது, கடைசியில் வயல். இணையமும் அப்படித்தான் பிரிந்து பிரிந்து வருகிறது. ஆனால் எந்த மதகு யார் பொறுப்பு, மதகைத் திறந்து மூடும் எந்த லஸ்கரிடம் போய் நிற்கவேண்டும் என்பது தண்ணீர் விஷயத்தில் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் எந்த மதகை எவர் வைத்திருக்கிறார் என்பது பணம் கட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை.

வீட்டிலிருந்து மேலே

மோடத்திலிருந்து வெளியே போகும் கறுப்பு வயருக்குள் தலைமுடிப் பருமனில் ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. அதில் ஓடுவது ஒளி. அது தெருக்கம்பத்தில் கட்டியிருக்கும் ஒரு பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்குள் இருப்பது ஸ்ப்ளிட்டர். ஒரே இழையில் வரும் ஒளியை எட்டாகவோ பதினாறாகவோ பிரித்து வீடுகளுக்குக் கொடுக்கும். மின்சாரமே தேவையில்லாத சின்னக் கண்ணாடிச் சில்லு அது. அங்கிருந்து மேலே போனால், பக்கத்துச் சிற்றூரில் ஒரு அறையில் ஓ.எல்.டி என்ற கருவி. எல்லா வீட்டு மோடமும் பேசுவது அதனோடுதான். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பங்கிடும், வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓ.எல்.டி-யின் ஒரு துளையிலிருந்து கீழ்நோக்கி நொடிக்கு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட் வரும். அதை 32 வீடோ 64 வீடோ பங்கிட்டுக்கொள்ளும்.

ஒளியை ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரிக்கும்போதும் அதன் வலு பாதியாகும். தொழில்செய்கிறவர்கள் கணக்கில் அது 3 டெசிபல் இழப்பு. 64 வீட்டுக்குப் பிரித்தால் பிரிப்பதிலேயே 18 டெசிபலுக்கு மேல் போய்விடும். அதோடு தூரம், ஒவ்வொரு ஜாயிண்ட், ஒவ்வொரு கனெக்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வீட்டு மோடத்துக்கு வந்துசேரும் வலு, அதை அளக்கும் டி.பி.எம் என்ற அலகில், மைனஸ் 27-க்குக் கீழே போனால் இணைப்பு தடுமாறும். லைன்மேன் கையிலிருக்கும் பவர் மீட்டர் காட்டுவது இந்த எண்ணைத்தான். மைனஸ் 20 என்றால் நல்லது. மைனஸ் 26 என்றால் இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மழைக்குத் தாங்காது.

ஒரு கேபிள் பத்து முறை அறுந்து பத்து முறை ஒட்டப்பட்டால் ஒவ்வொரு ஒட்டும் ஒரு துளி ஒளியைக் குடித்துவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன். இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷினில் நிதானமாகச் செய்தால் இழப்பு மிகக் குறைவு. கொட்டும் மழையில், பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு செய்தால் அப்படி வராது. "ரெட் லைட் இல்ல, ஆனா அடிக்கடி நெட் போகுது" என்கிற வீடுகள் பலவற்றுக்குப் பின்னால் இப்படிச் சேர்ந்துபோன ஒட்டுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு லைன்மேன் வந்தால் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். மோடத்தின் அமைப்புப் பக்கத்திலேயே பல கருவிகளில் அதைப் பார்க்கலாம். அந்த எண் மாதத்துக்கு மாதம் இறங்கினால், அறுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள்ளேயே கெடும் வழியும் ஒன்று உண்டு. எங்கள் பழைய வீடுகள் வாசல் திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று கொல்லை வரை நீளும். சுவர் ஒன்றரை அடிப் பருமன். திண்ணை ஜன்னலோரம் மோடத்தை மாட்டிவிட்டு, இரண்டாங்கட்டில் உட்கார்ந்து வேகம் இல்லை என்றால் அதற்கு எந்தக் கம்பெனியும் காரணமில்லை. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். மோடத்தைக் கூடத்துக்கு நகர்த்துவதும், லேன் கேபிள் இழுத்துப் பின்கட்டில் இன்னொரு வைஃபை கருவி வைப்பதும்தான் வழி.

டெல்டாவில் கேபிள் ஏன் இவ்வளவு அறுகிறது

நகரத்தில் முக்கியமான ஃபைபர் வளையமாகப் போடப்பட்டிருக்கும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றிக்கொண்டு ஒளி வந்துவிடும். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் போன்ற ஊர்களுக்கு இடையே பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் போட்டிருக்கின்றன. அங்கிருந்து கிராமத்துக்கு இறங்கும் கேபிளுக்கு மறுபக்கமே கிடையாது. ஒற்றை வழி, ஒற்றைப் பாலம். இரண்டாவது வழி போடச் செலவு ஏறக்குறைய இன்னொரு மடங்கு. அந்தப் பக்கத்தில் கூடுதலாக ஒரு வாடிக்கையாளர்கூடச் சேரமாட்டார். அதனால் எவரும் போடுவதில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லமுடியாது. கூட்டிக் கழித்துப் பார்த்து எடுத்த முடிவு. கிராமத்து இணைப்பு அறுந்தால் ஒன்பது நாள் ஆகும் என்பதும் அந்த முடிவுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த மண்ணுக்கென்று சில சங்கடங்களும் உண்டு. பத்து நிமிடம் சாலையில் போனால் நான்கு பாலம் வரும். பூமிக்குள் கேபிள் புதைத்து வருகிறவர்கள் ஒவ்வொரு வாய்க்காலிலும் மேலே ஏறிப் பாலத்தை ஒட்டித்தான் போகவேண்டும். பாலம் அகலப்படுத்தும்போதும், தூர்வாரும் பொக்லைன் கரையில் இறங்கும்போதும் அது அறும். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரி முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் சித்திரை, வைகாசியில் எல்லா வாய்க்காலிலும் இயந்திரம் நிற்கும். களிமண் வெயிலில் வெடித்து மழையில் உப்பும். முன்பு செம்புக் கம்பியில் டெலிபோன் இருந்த காலத்தில், ஐப்பசி அடைமழையில் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கித் தெரு முழுக்க இரைச்சல் கேட்டது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை குறைவு. பதிலுக்கு வயல் எலிகள் கேபிளின் மேலுறையைக் கொறித்துவிடுகின்றன.

கம்பத்தில் கட்டினால் மூங்கில் குத்து உரசும், தென்னை மட்டை விழும், வைக்கோல் லாரி இழுக்கும். கோயில் ஊர்களில் தேர் வருவதற்கு முன்பு வீதிக் கம்பிகளை அவிழ்த்து, தேர் நிலைக்கு வந்தபிறகு மறுபடி கட்டவேண்டும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம் என்பார்கள். அது வரும் வீதியில் தலைக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது என்பதே முறை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தோடு கட்டியிருந்த கேபிள் எல்லாம் கூடவே போயிற்று. செல்போன் கோபுரங்கள் நின்ற இடங்களிலும் மின்சாரம் இல்லாமல், டீசல் தீர்ந்ததும் ஓய்ந்தன. சொந்தபந்தம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மக்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன நாட்கள் அவை. ஒற்றை வழியில் ஊரைத் தொங்கவிடுவது என்றால் என்ன என்பதை அந்தக் கார்த்திகையில் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் முத்துப்பேட்டையும் அனுபவித்துத் தெரிந்துகொண்டன.

மின்தடை சின்னக் காரணம் மாதிரித் தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து மோடம் எரிந்தாலும், சிற்றூரில் இருக்கும் ஓ.எல்.டி-க்கு பேட்டரி தாங்கவில்லை என்றால் இணைப்பு போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இது தவறாமல் நடக்கிறது. பேட்டரி மாற்றும் செலவு ஊர் கேபிள்காரர் தலையில் விழுவதால், அது தள்ளிக்கொண்டே போகிறது.

அறுவதற்கு இன்னொரு பெரிய காரணம் சாலை வேலை. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் சாலையை நான்குவழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். தோண்டுகிறவரும் கேபிள் வைத்திருப்பவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வதற்கென்று 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. பெரிய ஒப்பந்ததாரருக்கு அது சரி. ஊராட்சியில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டுகிறவர் வரை அது இறங்கவேண்டும்.

சாயங்காலம் ஏழு மணி

அறுந்த கேபிளையாவது கண்ணால் பார்க்கலாம். காலையில் பறக்கும் இணையம் இரவு ஏழிலிருந்து பத்து வரை ஏன் நகர மறுக்கிறது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. பெரிய நிறுவனங்களின் கை அங்கேதான் அழுத்தமாகப் படுகிறது.

64 வீடு 2.5 ஜிகாபிட்டைப் பங்கிட்டால், எல்லோரும் ஒரே நொடியில் முழுவேகத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு நொடிக்கு 39 மெகாபிட், அதாவது 39 எம்.பி.பி.எஸ் வரும். ஒரு நல்ல தரமான வீடியோவுக்கு 5 எம்.பி.பி.எஸ் போதும். ஆக, தெருவுக்கும் ஓ.எல்.டி-க்கும் நடுவே நெரிசல் அநேகமாக இல்லை. நெரிசல் ஓ.எல்.டி-க்கு மேலே. ஊர் அளவில் சேவை கொடுப்பவர் மேலே இருக்கும் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக அலைவரிசை, அதாவது தரவு கொண்டுவரும் கொள்ளளவு, வாங்குகிறார். ஆயிரம் வீட்டுக்கு ஒரு ஜிகாபிட் வாங்கியிருந்தால், எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது வீட்டுக்கு ஒரு எம்.பி.பி.எஸ்-தான். நம் திட்டத்தில் 100 என்று எழுதியிருக்கும். 'வரை' என்ற சொல் அந்த 100-க்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும்.

இப்படிப் பங்கிடுவது தவறு என்று சொல்லமாட்டேன். பங்கிடாமல் இந்த விலைக்கு வீட்டு இணையம் தரவே முடியாது. எவ்வளவு பேருக்குப் பங்கிடலாம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு 1:50-ஐத் தாண்டக்கூடாது, அதாவது ஒருவருக்கான வேகத்தை ஐம்பது பேருக்கு மேல் பங்கிடக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2009-ல் உத்தரவு போட்டது. 100 எம்.பி.பி.எஸ் திட்டத்தை 50 ஆல் வகுத்தால் 2. பிராட்பேண்ட் என்று சொல்லவேண்டுமானால் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ் இருக்கவேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் வகுத்ததும் அதே எண்தான். அதற்கு முன்பு அந்த அளவு 512 கே.பி.பி.எஸ், அதாவது ஏறக்குறைய அரை எம்.பி.பி.எஸ்.

பெரிய நிறுவனத்திடமே நேரடியாக இணைப்பு வாங்கியவருக்கு இந்தத் தொல்லை குறைவு. காரணம் அலைவரிசை மட்டுமில்லை. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தங்கள் வீடியோக்களின் நகலைப் பெரிய இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே சர்வராக வைத்திருக்கின்றன. வீடியோ வெளிநாட்டிலிருந்து வருவதில்லை, சென்னையிலிருந்து வருகிறது. போதுமான வாடிக்கையாளர் இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சர்வர் கிடைக்கும். சின்னவர் அதே வீடியோவைப் பெரியவர் வழியாக வாங்கவேண்டும், காசு கொடுத்து.

இந்திய நிறுவனங்கள் தங்களுக்குள் தரவை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ளட்டும் என்று 2003-ல் நிக்ஸி என்ற இணையப் பரிமாற்ற மையம் உருவாக்கப்பட்டது. சென்னையிலும் அதற்கு மையம் இருக்கிறது. எல்லோரும் அங்கே தாராளமாக இணைத்துக்கொண்டால் சின்னவரின் செலவு குறையும். ஆனால் சரிக்குச் சரியான அளவுள்ளவர்களோடு மட்டும் காசில்லாமல் மாற்றிக்கொள்வதும், சின்னவர்களுக்கு விலைக்கு விற்பதும்தான் உலகம் முழுவதும் பெரிய நிறுவனங்களின் வழக்கம். வலங்கைமானில் நானும் கும்பகோணத்தில் என் தம்பியும் வேறு வேறு கம்பெனி இணைப்பு வைத்திருந்தால், நான் அனுப்பும் படம் சென்னைக்குப் போய்த் திரும்பித்தான் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவனைச் சேரும். ஒளியின் வேகத்துக்கு அந்த 600 கிலோமீட்டர் பெரிதில்லை, 3 மில்லிநொடி. ஆனால் வழியில் எந்த இடத்தில் எது அறுந்தாலும் பக்கத்து ஊரும் நமக்கு எட்டாமல் போகிறது.

சோதித்துப் பார்ப்பதிலும் ஒன்று கவனிக்கவேண்டும். வேகம் காட்டும் செயலி பெரும்பாலும் நம் நிறுவனத்தின் சர்வரையே தானாகத் தேர்ந்தெடுக்கும். அங்கே 100 காட்டும். மேலே இருக்கும் நெரிசல் அதில் தெரியாது. வேறொரு நிறுவனத்தின் சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இல்லாமல் லேன் கேபிளில் போட்டு, காலை ஆறுக்கும் இரவு எட்டுக்கும் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் சேவையின் உண்மையான தரம்.

விற்பவரும் போட்டியாளரும் ஒருவரே

ஒன்பது நாள் அலைந்து நான் தெரிந்துகொண்டதில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது இதுதான். ஊர்ச் சேவையாளருக்கு மேலே அலைவரிசை விற்கும் நிறுவனமும், அதே தெருவில் அவருக்கு எதிராக வீட்டு இணைப்பு விற்கும் நிறுவனமும் பல இடங்களில் ஒன்றே. மொத்த விலையை நிர்ணயிப்பவர் சில்லறை விலையையும் நிர்ணயிக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஊர்க்காரர் பிழைக்கவேண்டும்.

எப்படி இங்கே வந்தோம்? 1995 ஆகஸ்ட் 15-ல் அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியது. 2005-ல் பி.எஸ்.என்.எல் டெலிபோன் கம்பியிலேயே பிராட்பேண்ட் கொடுத்தபோது டெல்டாவின் சிற்றூர்களுக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஊரில் கேபிள் டிவி நடத்தியவர்கள் இணையத்திலும் இறங்கினார்கள். உரிமம் மூன்று வகை: 'ஏ' நாடு முழுவதற்கும், 'பி' மாநில அளவுக்கு, 'சி' ஏறக்குறைய ஒரு மாவட்டத்துக்கு. 'சி' உரிமம் எடுத்தவர்களும், உரிமம் உள்ளவரின் கிளையாக நின்ற கேபிள்காரர்களும்தான் பெரியவர்கள் திரும்பிப் பார்க்காத தெருக்களுக்கு ஃபைபர் இழுத்தார்கள். எங்கள் ஊருக்கு இணையம் வந்தது அப்படித்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. மாதக்கணக்கில் இலவசம், பிறகு சொற்ப விலை. வயல் வரப்பில் உட்கார்ந்து வீடியோ பார்க்க முடிந்தது அதனால்தான். அது பெரிய நன்மை, மறுக்கக்கூடாது. அந்த விலைப்போரில் தாக்குப்பிடிக்காதவர்கள் விழுந்தார்கள். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி நம் மாநிலத்தில் முன்னணியில் இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. சிக்னல் போய், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் குறுஞ்செய்தி வராமல் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் தவித்தார்கள். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் எல்லாம் அந்த எண்ணில் கட்டியிருந்தது. அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த களத்தில் தனியாரில் மூவர் மிஞ்சினார்கள். 2024 ஜூலையில் மூவரும் கட்டணத்தை உயர்த்தியபோது, கோபித்துக்கொண்டு போக மக்களுக்கு பி.எஸ்.என்.எல் ஒன்றுதான் இருந்தது.

வீட்டு ஃபைபரில் இதே பாதை தொடங்கியிருக்கிறது. நாட்டின் மொத்த பிராட்பேண்ட் இணைப்பில் கம்பி வழி வருவது நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டாது. மற்றது பெரும்பாலும் செல்போன். அந்தச் சிறு பங்கிலும் ஏறக்குறைய பாதி, ஜியோ, ஏர்டெல் என்ற இரண்டு நிறுவனங்களிடம். பெரிய நிறுவனம் கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களுக்கும் முதலில் வருகிறது. நெருக்கமான வீடுகள், ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்கள். ஊர்க்காரருக்கு லாபம் தந்தவை அந்தத் தெருக்கள்தான். அந்த லாபத்தில்தான் அவர் நஷ்டத்துக்கு எங்கள் கிராமத்துக்கும் கேபிள் இழுத்து வைத்திருந்தார். கடைத்தெரு கைவிட்டுப் போனதும் கிராமத்துக் கேபிளைப் பராமரிக்க அவரிடம் ஆளுமில்லை, காசுமில்லை. முன்பு மூன்று பேர் இருந்த இடத்தில் இப்போது லைன்மேன் தம்பி ஒருவர்தான், ஒரே ஒரு ஸ்ப்ளைசிங் மிஷினோடு. பெரிய நிறுவனம் கிராமத்துக்கு ஃபைபர் கொண்டுவருவதும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடைபடுகிறது.

கிராமங்களுக்கு அவர்கள் காட்டும் வழி ஏர்ஃபைபர். ஜியோ அதை 2023 செப்டம்பரில் தொடங்கியது, அதற்குச் சில வாரம் முன்பு ஏர்டெல். கோபுரத்திலிருந்து 5ஜி அலை, மாடியில் ஒரு வாங்கி, உள்ளே வைஃபை. கேபிளே எட்டாத வீட்டுக்கு அது வரம். ஆனால் கோபுரத்தின் கொள்ளளவை வீட்டு இணைப்பும் அத்தனை செல்போன்களும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் அலை மங்கும். அந்தக் கோபுரத்துக்கும் கீழே ஒரு ஃபைபர்தான் தரவு கொண்டுவருகிறது, அது போவதும் அதே பாலம்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்னொரு சங்கடம். வாசலில் கேமரா மாட்டி, அங்கிருந்து நேராக இணைத்துப் பார்க்க முயல்வார்கள். முடியாது. பழைய வகை ஐ.பி முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011-லேயே தீர்ந்துவிட்டது. அதனால் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து நம் வீட்டைத் தனியாக அழைக்க வழியில்லை. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம்.

அரசுப் பக்கமும் பார்க்கவேண்டும். 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வில் பி.எஸ்.என்.எல்-லை விட்டு ஏறக்குறைய 78 ஆயிரம் பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். எந்தக் கரையில் எந்த ஜாயிண்ட் புதைந்திருக்கிறது என்பது பலருக்கு நினைவில் மட்டுமே இருந்தது. அந்த நினைவும் அவர்களோடு போயிற்று. இப்போது அதன் வீட்டு ஃபைபரைக் கொடுப்பதும் பராமரிப்பதும் பெரும்பாலும் பங்குதாரராகச் சேர்ந்த ஊர்க் கேபிள்காரர்களே. இன்னொரு பக்கம், கிராமங்களுக்கு ஃபைபர் போடும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை பொதுப்பணத்தில் ஃபைபர் வந்தால், ஊர்க்காரர் தன் போட்டியாளரிடம் அலைவரிசை வாங்கி நிற்கவேண்டாம். அந்தக் கேபிளைச் சின்னச் சேவையாளர்களுக்கு நியாயமான வாடகைக்குத் திறந்துவிடுவதையும், அறுந்தால் ஒட்ட ஆள் போடுவதையும்தான் ஊராட்சித் தலைவர்களிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாம் கேட்கவேண்டும். கிராமசபையில் குடிநீரோடு சேர்த்து இதையும் எழுதி வைக்கச் சொல்லலாம்.

ரசீது

பயனாளருக்கு உரிமைகள் உண்டு. ட்ராய் விதிப்படி, கம்பிவழி இணைப்பு 3 நாளுக்கு மேல் கெட்டுக் கிடந்தால் வாடகையில் கழிவு தரவேண்டும். நாள் கூடக்கூடக் கழிவும் கூடும். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள், மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் ஈடு தரச் சொல்கின்றன. தரவு அளவு தீர்ந்தபிறகும் வேகத்தை 512 கே.பி.பி.எஸ்-க்குக் கீழே இறக்கக்கூடாது. புகார் செய்தால் பதிவு எண் கொடுத்தாகவேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். அதற்கும் மேல் தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர் பிரிவு இருக்கிறது. ட்ராய் தனிநபர் புகாரை எடுப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருந்து பயனில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அந்த ஆணையங்கள் இருக்கின்றன.

இவ்வளவையும் படித்து வைத்துக்கொண்டுதான் நான் புகார் எழுத உட்கார்ந்தேன். யார்மேல் எழுதுவது என்ற இடத்தில் நின்றுபோனேன். மூன்று வருடமாக நான் பணம் கட்டியதற்கு அத்தாட்சி ஊர் கேபிள்காரரின் கையெழுத்துச் சீட்டு. உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லை, எனக்கென்று ஒரு வாடிக்கையாளர் எண்ணும் இல்லை. உரிமக்காரரின் கணக்கில் நானும் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே பெயரில் இருந்திருக்கிறோம். சட்டம் கொடுத்த அத்தனை உரிமையும் உரிமக்காரருக்கும் பதிவுபெற்ற வாடிக்கையாளருக்கும் இடையே நிற்கிறது. எங்கள் தெருவில் அந்த இரண்டாவது ஆளே இல்லை.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் இணைப்பு எந்த உரிமத்தின் கீழ் வருகிறது என்று கேளுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரிலேயே பில், உங்கள் பெயரிலேயே எண். கேபிள்காரர் தயங்கினாலும் கேளுங்கள், அவருக்கும் அது பாதுகாப்புதான். மேலே இருப்பவர் அவரைக் கைவிட்டால் ஊருக்கு முன்னால் தனியாக நிற்கப்போவது அவர்தான்.

நாங்கள் இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் போய்க் கேட்டோம். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் வந்துவிட்டது. அந்த ஒன்பது நாளுக்கான கழிவு எந்தக் கம்பெனியிடமிருந்தும் வரவில்லை. அடுத்த மாதம் பணம் வாங்க வந்த லைன்மேன் தம்பி, நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு வாங்கினார். "யாரு கொடுத்தது?" என்று கேட்டேன். "யாரும் கொடுக்கலண்ணே, நானேதான். எல்லாரும் திட்டுறாங்க" என்றார். இருபத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். அவருக்கு அது பல நாள் கூலி. நாங்கள் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

தை பிறந்தால் சம்பா அறுவடை. பாலத்தில் புதிதாக ஒட்டிய கேபிளை ஒரு மூங்கில் கழி வைத்து மூன்று அடி தூக்கிக் கட்டியிருக்கிறார். மீட்டரில் எங்கள் வீட்டு எண் மைனஸ் 24.